பதிலுக்குப் பிறகு என்ன சொல்வது? மழலையர் ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அங்கன்வாடியோ தனியார் எல்.கே.ஜி.யோ, ஒரு நாளில் 'பாடம்' என்று நடப்பது மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம். மீதி நேரம் செருப்பைக் கழற்றி வைப்பதிலும், கை கழுவுவதிலும், தட்டு எடுத்து உட்காருவதிலும், மணலில் விளையாடுவதிலும், பாய் விரித்துப் படுப்பதிலும் போய்விடுகிறது. இதையெல்லாம் அழுகை, சண்டை இல்லாமல் கடத்திவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தை ஒப்பிடவும், காரணம் தேடவும், அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கவும், நினைத்ததை வார்த்தையாக்கவும் பழகுவது பெரும்பாலும் இந்த இடைநேரங்களில்தான். டீச்சரோடு நடக்கும் அரை நிமிடப் பேச்சு போதும்.

அந்த அரை நிமிடத்தை எப்படி நடத்துவது என்பதே இங்கே விஷயம். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், கால அட்டவணையையும் தொட வேண்டாம்.

பேச்சு எங்கே அறுந்துபோகிறது?

"இது என்ன கலர்?"
"மஞ்சள்."
"வெரி குட்!"

கேள்வி, பதில், தீர்ப்பு. உலகம் முழுக்க வகுப்பறைகளில் இந்த மூன்று வரி ஓடிக்கொண்டே இருப்பதை 1970களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. குழந்தைக்கு மஞ்சள் தெரியுமா என்று பார்க்க இது போதும். ஆனால் தெரிந்ததைத் திரும்பச் சொன்ன குழந்தை புதிதாக எதையும் யோசிக்கவில்லை. "வெரி குட்" வந்ததும் பேச்சு முடிந்தது என்று அதற்குப் புரிந்துவிடுகிறது.

இங்கிலாந்தில் மழலையர் மையங்களில் ஆசிரியர்கள் கேட்ட ஆயிரக்கணக்கான கேள்விகளைப் பிரித்துப் பார்த்து 2008-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 95 சதவீதம் ஒற்றை வார்த்தையிலோ ஆமாம், இல்லை என்றோ முடிந்துவிடும் கேள்விகள். அதனால்தான் பயிற்சி வகுப்புகளில் "திறந்த கேள்வி கேளுங்கள்" என்று காது புளிக்கச் சொல்கிறார்கள். சரியான அறிவுரைதான், ஆனால் பாதி அறிவுரை. அழகான திறந்த கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வந்ததும் "சூப்பர்!" என்று அடுத்த குழந்தைக்குப் போனால் பழைய கதைதான். சாதாரணக் கேள்வியில் தொடங்கினாலும் மூன்றாவது வரியில் முடிக்காமல் விட்டால் பேச்சு நீளும்:

"மஞ்சளா? நேத்து நீ வரைஞ்ச சூரியனும் மஞ்சள்தானே. இதுவும் அதே மஞ்சளா, வேற மாதிரி இருக்கா?"

இப்போது குழந்தை ஞாபகப்படுத்தி ஒப்பிட வேண்டும். "இது கொஞ்சம் கம்மி மஞ்சள்" என்று அது சொல்லக்கூடும். கடைசியில் வந்த அந்தப் பதிலுக்காகத்தான் இத்தனையும். நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2018-ல் வெளியான மூளை ஆய்விலும் இதே செய்திதான்: பெரியவர்கள் எத்தனை வார்த்தை பேசினார்கள் என்பதைவிட, குழந்தையும் பெரியவரும் மாறி மாறி எத்தனை முறை பேசிக்கொண்டார்கள் என்பதே மூளையின் மொழிப் பகுதி செயல்படுவதோடு ஒட்டி வந்தது. நாள் முழுக்க ஓயாமல் பேசும் டீச்சர் நல்ல டீச்சர் என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம்.

படி 1: பத்து நிமிடம் பதிவு செய்து கேளுங்கள்

சாப்பாட்டு நேரத்திலோ விளையாட்டு நேரத்திலோ போனில் பத்து நிமிடம் ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒலி மட்டும் போதும், வீடியோ வேண்டாம். வீடியோ எடுத்தால் நீங்களும் நடிப்பீர்கள், குழந்தைகளும் போனைச் சுற்றி வந்துவிடுவார்கள். வீட்டுக்குப் போய் ஒரு பேனாவோடு உட்கார்ந்து நான்கு விஷயங்களை எண்ணுங்கள். எத்தனை கேள்வி கேட்டீர்கள், அதில் ஒரு வார்த்தைப் பதில் போதும் என்றவை எத்தனை, கேட்டபின் எத்தனை நொடி காத்திருந்தீர்கள், ஒரே குழந்தையோடு பேச்சு எத்தனை முறை மாறி மாறிப் போனது. எண்ணி முடித்ததும் பதிவை அழித்துவிடுங்கள். குழந்தைகளின் குரல் வாட்ஸ்அப் குழுவில் சுற்றக் கூடாது.

எண்ணும்போது "உட்காரு, தொடாதே, வரிசையா வா, சத்தம் போடாதே" என்ற வகையே கூடுதலாக வரும். இருபது குழந்தைகளைச் சமாளிக்கும் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். இந்தத் தாளை மட்டும் பத்திரமாக வையுங்கள், மூன்று வாரம் கழித்துத் தேவைப்படும்.

படி 2: உட்காருங்கள், பத்து நொடி சும்மா பாருங்கள்

நின்றபடி மேலிருந்து "என்ன பண்றே?" என்று கேட்டால், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும் குழந்தைதான் அதிகம். தப்பு செய்துவிட்டோமோ என்ற பார்வை அது. தரையில் உட்காருங்கள், உங்கள் கண்ணும் குழந்தையின் கண்ணும் ஒரே மட்டத்தில் வரட்டும். பத்து நொடி வாய் திறக்காமல் கையைக் கவனியுங்கள். தீப்பெட்டிகளை அடுக்கும் குழந்தை உயரமாகக் கட்டப் பார்க்கிறதா, நீளமாக வைக்கிறதா, அல்லது தள்ளிவிட்டுச் சத்தம் கேட்பதுதான் நோக்கமா? அது தெரியாமல் "வீடு கட்டுறியா?" என்று ஆரம்பித்தால், உங்கள் வீட்டைக் கட்டுவதற்காகத் தன் யோசனையை விட்டுவிடும்.

படி 3: கேட்பதற்கு முன் சொல்லுங்கள்

முதல் வரி கேள்வியாக இருக்க வேண்டியதில்லை. பார்த்ததைச் சொன்னாலே போதும்: "பெரிய பெட்டியைக் கீழ வச்சிருக்கே." "இந்தப் பக்கம் சாயுதே." பெரும்பாலும் குழந்தை தானாகவே "ஆமா, விழுந்துடும், இங்க இன்னொண்ணு வைக்கணும்" என்று தொடரும். கேட்டு வாங்கிய பதிலைவிட இப்படித் தானாக வரும் பேச்சுக்கு மதிப்பு அதிகம். ஒரு கேள்விக்கு இரண்டு மூன்று கூற்று என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக கிரிக்கெட் வர்ணனை போல விடாமல் சொல்லிக்கொண்டிருக்கவும் கூடாது. ஒரு வாக்கியம், ஓர் இடைவெளி.

இந்த இடத்தில்தான் சொல்வளமும் கூடும். 'வை' என்பதோடு அடுக்கு, சொருகு, கவிழ், சாய்த்து வை என்று வினைகளை மாற்றிப் போடுங்கள். 'பெருசு' என்று மட்டும் நிற்காமல் அகலம், உயரம், தடிமன், நீளம் என்று பிரித்துச் சொல்லுங்கள். பொருள் கையில் இருக்கும்போது கேட்ட சொல் மனதில் தங்கும்.

படி 4: கேள்வியைத் தேர்ந்தெடுப்பது

தமிழில் வினையோடு ஒரு '-ஆ' சேர்த்தாலே ஊகக் கேள்வி தயார்: "தண்ணி ஊத்தினா என்ன ஆகும்?", "இதை எடுத்துட்டா?", "மழை வந்தா எறும்பு எங்க போகும்?" இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். "எப்படித் தெரியும்?", "வேற எப்படிச் செய்யலாம்?", "இது ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" ஆகியவையும் எந்த நேரத்துக்கும் பொருந்தும்.

'ஏன்' மட்டும் கொஞ்சம் சிக்கலானது. வீட்டில் குழந்தை அதிகம் கேட்கும் 'ஏன்', "ஏன்டா கொட்டினே?", "ஏன் அடிச்சே?" என்ற திட்டுதான். அதனால் நீங்கள் ஆர்வமாகக் கேட்டாலும் அதற்கு அதட்டலாகவே விழும். பதில் "சும்மா" என்று வரும், அல்லது தலை குனியும். "எதனால அப்படி ஆச்சு?", "அது எப்படி?" என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

மூன்று வயதுக் குழந்தையிடம் எங்கே, எது, இதுவா அதுவா என்ற அளவில் நில்லுங்கள். கண்முன் இருப்பதைப் பற்றி மட்டும் கேளுங்கள். நான்கில் ஒப்பிடுதலும் ஊகமும் எடுபடும். ஐந்தை நெருங்கும்போது "எப்படித் தெரியும்?" என்பதற்கு ஓரளவு காரணம் சொல்ல வரும். இந்தக் கோடுகளும் கெட்டியானவை அல்ல. நிறையப் பேசும் வீட்டிலிருந்து வரும் மூன்றரை வயது, ஐந்து வயதைத் தோற்கடித்துவிடும்.

படி 5: மூன்று நொடி

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி அளவே. அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் இருப்பது குறைந்தது, மாணவர்களே கேள்வி கேட்பது கூடியது. அவர் பார்த்தது பள்ளி மாணவர்களை. மூன்று நான்கு வயதில் வார்த்தையைத் தேடி எடுக்க இன்னும் நேரமாகும் என்பதால் ஐந்து நொடி வரை விடுங்கள்.

ஐந்து நொடி மௌனம் வகுப்பில் ஐந்து நிமிடமாகத் தெரியும். அந்த நேரத்தில் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல் பொருளைப் பாருங்கள், நெருக்கடி குறையும். கேள்வியை வேறு வார்த்தையில் திரும்பக் கேட்காதீர்கள். முதல் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்த குழந்தை, புதிதாக இன்னொரு கேள்வி வந்துவிட்டதாக நினைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் இருக்கும் வாயாடி முந்திக்கொண்டால், "அவ யோசிச்சுட்டு இருக்கா. உன்னுதை வாயிலேயே வச்சுக்கோ, அடுத்து நீ" என்று சொல்லலாம். பேசுவது போலவே யோசிப்பதும் ஒரு வேலைதான் என்று வகுப்புக்கே தெரியட்டும். பதில் வந்த பிறகும் இரண்டு நொடி சும்மா இருந்தால் பல நேரம் பதிலின் பின்பாதி வரும்.

படி 6: மூன்றாவது வரி

வழிகாட்டியின் மையம் இதுதான். பதில் வந்ததும் செய்யக்கூடியவை பல. அது சொன்னதை இன்னும் கொஞ்சம் நிறைவாக்கித் திருப்பிச் சொல்லலாம், காரணம் கேட்கலாம், நேற்று நடந்ததோடு இணைக்கலாம், "எனக்கும் தெரியலையே, பாக்கலாமா?" என்று சேர்ந்துகொள்ளலாம். எல்லாவற்றையும்விட வலுவானது, குழந்தையின் கருத்துக்கு ஒத்துவராத ஒரு பொருளை அதன் கையில் கொடுப்பது. மிதப்பது, மூழ்குவது விளையாட்டில் அது எப்படி நடக்கும் என்று பார்ப்போம்.

ஓர் அகலமான அண்டா, முக்கால்வாசித் தண்ணீர். ஒரு ரூபாய்க் காசு, தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடி, புளியங்கொட்டை, கரண்டி, காய்ந்த இலை, நார் உரிக்காத ஒரு தேங்காய். நான்கு குழந்தைகள் போதும். தண்ணீர் இருக்கும்வரை நீங்கள் எழுந்து போகக் கூடாது, முடிந்ததும் உடனே கவிழ்த்துவிட வேண்டும். எதையும் வாயில் போடும் வயதுக் குழந்தை கூட இருந்தால் காசும் கொட்டையும் வேண்டாம், கரண்டி போதும்.

"டீச்சர், காசு முழுகிடுச்சு!"
"முழுகிடுச்சே. மூடி?"
"மிதக்குது."
"ரெண்டும் சின்னதுதான். ஆனா ஒண்ணு முழுகுது, ஒண்ணு மிதக்குது."
(நான்கு நொடி)
"காசு கனம்."
"ஓ, கனமா இருக்கிறது முழுகும்னு நினைக்கிறியா?"
"ஆமா."
"இந்தா, இதைத் தூக்கிப் பாரு." (தேங்காய் கைமாறுகிறது.)
"அய்யோ, கனம்!"
"தண்ணில போட்டா?"
"டம்முனு உள்ள போயிடும்."

போட்டால் மிதக்கும். குழந்தை இரண்டு கையாலும் அழுத்தும், விட்டதும் தேங்காய் மேலே வரும். "டீச்சர், இது பொய்த் தேங்காய்!" என்று அது சொன்னால் அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தன் விதி உடைந்ததும், விதியைக் காப்பாற்ற ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறது. பெரியவர்களும் அதைத்தான் செய்கிறோம்.

டீச்சர் அதிகம் எதுவும் செய்யவில்லை. இரண்டு பொருளை ஒப்பிட்டு ஒரு கூற்று, ஒரு மௌனம், குழந்தையின் "காசு கனம்" என்பதை "கனமா இருக்கிறது முழுகும்" என்று பொதுவிதியாக்கித் திருப்பிச் சொன்னது, பிறகு விதியை உடைக்கும் ஒரு பொருள். அடுத்தும் "பொய்த் தேங்காயா நிஜத் தேங்காயானு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டால் போதும். "உள்ள காத்து இருக்கு கண்ணு, அதான் மிதக்குது" என்று விளக்கிவிட்டால் அன்றைய யோசனை அத்தோடு சரி. நான்கு வயதில் அடர்த்தி புரியாது, புரியவும் வேண்டாம். 'கனமானதெல்லாம் முழுகாது போல' என்ற குழப்பத்தோடு வீட்டுக்குப் போவதே நல்ல பலன்.

தப்பான பதில் வந்தால்? சிரிக்கக் கூடாது, ஆயாம்மாவைக் கூப்பிட்டு "இவன் என்ன சொல்றான் பாருங்க" என்று காட்டவும் கூடாது. குழந்தை அதை மறக்காது. "அப்படியா? காட்டு பாக்கலாம்" என்று சோதிக்க விட்டுவிடுங்கள். பொருளே பதில் சொல்லும்.

படி 7: எவ்வளவு உதவுவது?

1976-ல் வுட், புரூனர், ராஸ் என்ற மூவர், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளைப் பொருத்திப் பிரமிடு கட்டப் பெரியவர் எப்படி உதவுகிறார் என்று ஆராய்ந்தார்கள். கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தின் பெயரை இந்த உதவிக்கு வைத்தது அந்தக் கட்டுரையே. அதிலிருந்து வகுப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஓர் ஏணி: முதலில் காத்திருப்பது, அடுத்து பார்வையை அந்தப் பக்கம் திருப்புவது ("இந்த ஓரத்தைப் பாரு"), அடுத்து குறிப்பு ("வளைவா இருக்கிறது எது?"), அடுத்து இரண்டில் ஒன்று, அதற்கும் மேல் முதல் துண்டைச் சேர்ந்து வைப்பது, கடைசியாக முழுக்கச் செய்துகாட்டிக் கலைத்துவிட்டு மறுபடி செய்யச் சொல்வது. தோற்றால் ஒரு படி கூடுதல் உதவி, ஜெயித்தால் ஒரு படி குறைவு.

அவசரத்தில் நாம் நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடுகிறோம். செருப்பு வாரை நாமே மாட்டிவிடுவதும், புதிரின் கடைசித் துண்டை நாமே வைப்பதும் அதனால்தான். வாரை ஓட்டைக்குள் நுழைத்துக் கொடுத்து, இழுப்பதைக் குழந்தைக்கு விட்டால் இருபது நொடிதான் கூடும்.

சாப்பாட்டு நேரம்

அங்கன்வாடியில் வேறெந்த நேரத்தையும்விட இது பெரிய வாய்ப்பு. எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோர் முன்னாலும் ஒரே பொருள், கை சும்மா இல்லை.

கொண்டைக்கடலை தரும் நாளில் எண்ணுவதைப் பாருங்கள். "ஒண்ணு, ரெண்டு" என்று பத்து வரை ஒப்பிப்பதும் எண்ணத் தெரிவதும் ஒன்றல்ல. கெல்மன், காலிஸ்டல் என்ற இருவர் 1978-ல் எண்ணுதலுக்கு ஐந்து அடிப்படைகளை வகுத்தார்கள். அதில் வகுப்புக்கு உடனே உதவுபவை மூன்று: ஒரு பொருளுக்கு ஓர் எண் மட்டும், எண்களின் வரிசை மாறக் கூடாது, கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம். குழந்தை ஒரே கடலையை இரண்டு முறை எண்ணினால் முதலாவது இன்னும் வரவில்லை. அதற்கு மருந்து, எண்ணிய கடலையைத் தட்டின் மறுபக்கம் நகர்த்துவது. எண்ணி முடித்தபின் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டதும் மறுபடி "ஒண்ணு, ரெண்டு..." என்று ஆரம்பித்தால் மூன்றாவது வரவில்லை. அந்தக் குழந்தையிடம் "எனக்கு மூணு கடலை குடு" என்று கேளுங்கள், ஒரு கை அள்ளித் தரும். திட்ட வேண்டாம். "ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு கடலை" என்று கடைசி எண்ணை அழுத்திச் சேர்த்துச் சொல்லிக் காட்டுங்கள். மூன்றில் சரியானபின் நான்கு, ஐந்து. இருபது வரை ஓட வைப்பதைவிட ஐந்துக்குள் உறுதியாக நிற்பது மேல்.

முட்டை நாளில் எண்ணைத் தொடாதீர்கள். அவித்த முட்டையைத் தரையில் உருட்டிவிட்டுப் பாருங்கள், வளைந்து ஓடும். பந்து நேராக ஓடும். "திரும்ப உருட்டினா எந்தப் பக்கம் போகும்?" என்று முன்கூட்டிச் சொல்ல வைத்து உருட்டுங்கள். பிறகு கழுவி உரித்துக்கொள்ளலாம். பாதி, கால், ஓடு, தோல், வெள்ளைக் கரு, மஞ்சள் கரு என்று பத்துச் சொல் அதற்குள் வந்துபோயிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு வாய்க்கும் கேள்வி கேட்டால் சாப்பாடு ஆறும், குழந்தை சாப்பிடாது. ஒரு வேளைக்கு ஒரு விஷயம் போதும்.

கதை நேரம்

தினம் ஒரு புதுக் கதை சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரே படக் கதையை மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பெரும்பாலும் நீங்கள் வாசியுங்கள், இரண்டு இடத்தில் மட்டும் நிறுத்தி "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். இரண்டாம் நாள் பாத்திரங்களின் மனதைப் பற்றி: "குரங்கு இப்ப என்ன நினைக்கும்?" மூன்றாம் நாள் புத்தகத்தைக் குழந்தை பிடித்துச் சொல்ல, நீங்கள் கேட்பவர். வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் குழந்தையைப் பேசவைத்துப் படிக்கப் பெற்றோரைப் பழக்கியபோது, ஒரே மாதத்தில் இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பேச்சில் முன்னேற்றம் தெரிந்தது. அவர்கள் சொன்ன வரிசை எளிது: பேசத் தூண்டு, சொன்னதைக் கவனி, கொஞ்சம் நீட்டிச் சொல், நீட்டியதைக் குழந்தையையும் சொல்ல வை.

இருபது பேரை உட்கார வைத்து இது நடக்காது. ஐந்தாறு பேர் கொண்ட குழு, மற்றவர்கள் ஆயாம்மாவோடு வெளியே. அப்படிப் பிரிக்க முடியாத நாளில் வெறுமனே நன்றாகக் கதை சொல்லுங்கள், அதுவும் நல்லதுதான்.

வீட்டுப் பேச்சு

"பூன ஓடிப்புட்டுது டீச்சர்." இதை "ஓடிவிட்டது என்று சொல்லு" என்று திருத்தினால் பூனை மறந்துபோகும், குழந்தையும் வாயை மூடிக்கொள்ளும். "ஓடிடுச்சா? எந்தப் பக்கம் ஓடிச்சு?" என்று கேட்டாலே சரியான வடிவம் காதில் விழுந்துவிடும், பேச்சும் நிற்காது. திருப்பூர் போன்ற ஊர்களில் இந்தி, ஒடியா பேசும் குழந்தைகளும் மையத்துக்கு வருகிறார்கள். அவர்கள் சுட்டிக் காட்டுவதையும் அவர்கள் மொழியில் சொல்லும் ஒரு வார்த்தையையும் பதிலாகவே எடுத்துக்கொண்டு, தமிழில் நீட்டிச் சொல்லுங்கள். அந்த வார்த்தையை நீங்களும் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் குழந்தையின் முகம் மாறுவதைக் காணலாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

முதலிடம் கோரஸுக்கு. "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது டீச்ச்ச்சர்!" இந்த ஒரே குரலுக்குள் யாருக்குப் புரிந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. பாட்டுக்கும் எண் வரிசைக்கும் கோரஸ் சரி, யோசிக்க வேண்டிய கேள்விக்கு ஆகாது. "பக்கத்துல இருக்கிறவங்க காதுல சொல்லு" என்றால் எல்லோரும் பேசுவார்கள், ஒருவரையொருவர் காப்பியடிக்கவும் முடியாது.

அடுத்தது கேள்வி மழை. நிறம் என்ன, எத்தனை இருக்கு, என்ன வடிவம் என்று அடுக்கினால் விளையாட்டு பரீட்சையாகிவிடும், குழந்தை பொம்மையைத் தூக்கிக்கொண்டு வேறு மூலைக்குப் போகும். அப்படிப் போனால் அது உங்களுக்கான மதிப்பெண். சில டீச்சர்கள் கேள்வியும் கேட்டுப் பதிலும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். மூன்று நொடி விதி அதற்குத்தான்.

பாராட்டும் யோசித்துச் செய்ய வேண்டியது. "புத்திசாலி" என்பதைவிட "மூணு தடவை விழுந்தும் கீழ அகலமா மாத்தி வச்சே, இப்ப நிக்குது" என்பது குழந்தைக்கு உபயோகம். எது வேலை செய்தது என்று அதற்குத் தெரிகிறது, அடுத்த முறையும் செய்யும்.

இருபத்தைந்து பேருக்கு ஒரு டீச்சர் என்றால்

எல்லோரிடமும் தினமும் நீளமாகப் பேச முடியாது, முயலவும் வேண்டாம். பெயர்ப் பட்டியலை ஐந்தாகப் பிரித்துச் சுவரில் ஒட்டுங்கள். திங்களுக்கு ஐந்து பெயர், செவ்வாய்க்கு ஐந்து. அன்றைய ஐவரோடு எங்காவது ஓரிடத்தில், கை கழுவும் வரிசையிலோ பாய் சுருட்டும்போதோ, குறைந்தது ஐந்து முறை மாறி மாறிப் போகும் ஒரு பேச்சு. நடந்ததும் பெயருக்கு எதிரே ஒரு டிக்.

பட்டியல் இல்லாவிட்டால் நடப்பது இதுதான்: பேசும் குழந்தையோடே எல்லோரும் பேசுகிறோம். அமைதியான குழந்தை 'தொந்தரவில்லாத பிள்ளை' என்ற நற்சான்றிதழோடு ஒரு வருடத்தைக் கழித்துவிடும். அவர்களிடம் கேள்வியோடு போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அது செய்வதையே நீங்களும் செய்யுங்கள், ஒரு கூற்று மட்டும் சொல்லுங்கள். சிலருக்கு இரண்டு வாரம் ஆகும்.

ஆயாம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல மையங்களில் அவரே குழந்தைகளோடு நெருக்கமாக இருப்பவர், சாப்பாட்டு நேரம் அவர் கையில். "கேட்டுட்டு மூணு எண்ணுங்க" என்ற ஒரே உத்தியைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

எந்த வரிசையில் பழகுவது?

முதல் வாரம் காத்திருப்பது மட்டும், அதுவும் கை கழுவும் நேரத்தில் மட்டும். இரண்டாம் வாரம் கேள்விக்கு முன் ஒரு கூற்று. மூன்றாம் வாரம் மூன்றாவது வரி. எல்லாவற்றையும் திங்கட்கிழமையே ஆரம்பித்தால் புதன்கிழமை விட்டுவிடுவீர்கள். மூன்றாம் வார முடிவில் மறுபடி பத்து நிமிடம் பதிவு செய்து, முதல் தாளோடு ஒப்பிடுங்கள். கேள்விகளின் எண்ணிக்கை குறைந்து, மாறி மாறிப் பேசியது கூடியிருந்தால் சரியான பாதை.

ஒரு மாதம் பொறுமையாக முயன்றும் பேச்சே வராத, கூப்பிட்டால் திரும்பாத, சுட்டிக் காட்டினால் பார்க்காத குழந்தை இருந்தால், அதைக் கூச்சம் என்று தள்ளிப்போடாதீர்கள். முதலில் சந்தேகிக்க வேண்டியது காது. சளி பிடித்துக்கொண்டே இருக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக் கேட்பது மந்தமாவது உண்டு. பெற்றோரிடம் "பேச மாட்டேங்குறான்" என்று புகாராகச் சொல்லாமல், எப்போது, எதற்குத் திரும்பவில்லை என்று நாலு நாள் குறித்துக்கொண்டு பேசுங்கள். 2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் தேசியக் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இருமுறை வர வேண்டும். வரும் நாளில் அந்தக் குறிப்பை அவர்கள் கையில் கொடுங்கள். அதுவரை காத்திருக்க முடியாது என்று தோன்றினால், டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு நேரடியாகவே அனுப்பிவைக்கலாம்.